பின்னறைப் பலகைக்கு இரண்டு திருகு

2024 பிப்ரவரி 6, செவ்வாய். மாலை ஆறு நாற்பது.

இன்று போட்ட துளைகள் முப்பத்தொன்று. முதலாளியம்மா நோரீன் இரண்டு நாள் என்று கணக்குப் போட்டிருந்தார். நான் ஒரே நாளில் முடித்துவிட்டேன்.

வட இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் மேட்டில், தெரு முழுக்க ஒட்டி ஒட்டி நிற்கும் கல் வீடுகளில் ஒன்று. டெஸ்மண்ட், ஹேஸல் என்று ஒரு தம்பதி. மாடியில் மூன்று அறைக்கும் புது ஒயரிங். தரைப்பலகையைப் பெயர்த்தால் அடியில் வரிசையாக உத்தரங்கள், ஏழு அங்குல உயரம். கேபிள் குறுக்கே போக ஒவ்வொரு உத்தரத்திலும் ஒரு துளை வேண்டும். துளை உத்தரத்தின் நடு உயரத்தில் இருக்க வேண்டும். மேல் விளிம்புக்கும் துளைக்கும் இடையே குறைந்தது ஐம்பது மில்லிமீட்டர் மரம். பின்னால் எவனாவது பலகையில் ஆணி அடித்தாலும் அது கேபிள் வரை போகாது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பரீட்சையில் தொண்ணூற்று நான்கு வாங்கியவன்.

ஒரே தொல்லை, உத்தரங்களுக்கு நடுவே பதினான்கு அங்குலம்தான் இடம். சாதாரண ட்ரில்லிங் மெஷின் பிட்டோடு சேர்த்து உள்ளே நுழையாது. கழுத்து வளைந்த மெஷின் வேண்டும். அது நோரீனின் வேனில், நாற்பது நிமிடத் தூரத்தில் வேறு வேலையில். காத்திருந்தால் பாதி நாள் போச்சு. மேலேயிருந்து மெஷினைச் சாய்த்துப் பிடித்துப் போட்டேன். சாய்வாகத்தான் போகும். ஒரு பக்கம் துளை கொஞ்சம் மேலே வரும்.

எவ்வளவு மேலே? கொஞ்சம். அளக்கவில்லை.

முன்னால் இந்த வீட்டில் வேலை பார்த்த மகானுபாவன் துளையே போடாமல் உத்தரத்தின் தலையில் வாய்ச்சியால் கொத்தி, அந்தப் பள்ளத்தில் ஒயரைப் படுக்க வைத்திருக்கிறான். படம் எடுத்து எலெக்ட்ரீஷியன் வாட்ஸப் குழுவில் போட்டேன். "இவன் கையை வாங்கி மியூசியத்துல வைக்கணும்." நாற்பது பேர் சிரித்தார்கள்.

டெஸ்மண்ட் மணிக்கொருதரம் டீ கொண்டுவருகிறார். பேச்சு நிற்காது.

"என்ன தம்பி, கீழ புதையல் ஏதாச்சும் கெடைச்சுதா?"

கீழேயிருந்து ஹேஸல்: "கெடைச்சா மொதல்ல அவரோட மூளை இருக்கான்னு பாரு கண்ணு. கல்யாணமானதுலருந்து தேடறேன்."

ஹேஸல் ஊர் பித்தளை வாத்தியக் குழுவில் ஹார்ன் வாசிக்கிறார். பின்னறைதான் அவர் சாதக அறை. மார்ச்சில் போட்டியாம். சீக்கிரம் தரையை மூடிக் கொடு என்றார்.

பிப்ரவரி 7, புதன்

மூடிக் கொடுத்தாயிற்று. பின்னறையில் ஒரு நீளப் பலகையை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அறுத்த முனை உத்தரத்தின் மேல் உட்கார வேண்டும். இரண்டு அங்குலம் தள்ளிப் போய்விட்டது. பழைய ஆணி இரண்டைத் திருப்பி அடித்தேன். நிற்கும். எல்லாச் சோதனையும் சுத்தம். சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். பழக் கேக்கும் சீஸும் கொடுத்தார்கள். நோரீனிடம் ஒரு நாள் மிச்சம் என்றேன். "பய தேறிட்டான்" என்றார்.

பிப்ரவரி 10, சனி

மழை. கால்பந்து ஆட்டம் ரத்து. தூங்கினேன்.

பிப்ரவரி 14, புதன்

யாரோ ஒரு பல் டாக்டர் வீட்டு மச்சில், கண்ணாடிப் பஞ்சுக்குள் குப்புறப் படுத்துக் கிடக்கும்போது டெஸ்மண்ட் போன். பின்னறையில் ஒரு பலகை கிரீச்சிடுகிறதாம். ஹேஸல் வாசிக்கும்போது காலால் தாளம் போடுவார், தாளத்துக்கொரு கிரீச். "ஹார்னை விட அது சத்தமா இருக்கு தம்பி. நீ வந்து ஒரு எட்டு..."

"ரெண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கிடுங்க, சரியாயிடும்."

"எவ்ளோ நீளம் போடலாம்?"

"கையில இருக்கறதப் போடுங்க."

ஒரு பலகைக்கெல்லாம் போன்.

பிப்ரவரி 17, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொன்றரைக்கு நோரீன் போன். பேரக்குழந்தை பிறந்தநாளுக்கு லீட்ஸ் போயிருந்தார். "டெஸ்மண்ட் வீட்டுக்கு ஓடு. ஹேஸலுக்கு ஷாக் அடிச்சிருக்கு. உசுரு இருக்கு. ஓடு."

போனபோது வீட்டில் யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் சாவி வாங்கினேன். அந்தம்மா சொன்னது இவ்வளவுதான்: ஹேஸல் குளித்துவிட்டு ஈரக் காலோடு பின்னறைக்கு வந்தார், துண்டை ரேடியேட்டரில் போட்டார், ஒரு கத்தல், விழுந்த சத்தம். வீட்டு மின்சாரம் முழுக்கப் போய்விட்டது. விழுந்ததில் இடது மணிக்கட்டு கட்டில் சட்டத்தில் மோதியிருக்கிறது.

மின்சாரம் கசிந்தால் தானே வெட்டிவிடும் ட்ரிப்பர் விழுந்திருந்தது. ட்ரிப்பர் மட்டும் இல்லையென்றால்...

பின்னறை. ஜன்னலிலிருந்து இரண்டாவது பலகை. புத்தம் புதுத் திருகுகள் இரண்டு, வெயிலில் மின்னின. இரண்டும் ஒழுங்காக, பலகை அகலத்தின் நடுவில், இடைவெளி அளந்து போட்டவை. அந்தாள் இவ்வளவு அக்கறையாகப் போட்டிருக்கிறார். முனைப் பக்கம் இருந்ததைக் கழற்றினேன். நுனியில் செம்புத் துகள்.

பலகையைத் தூக்கினேன். என் துளை. நான் பார்த்த பக்கத்தில் அதன் மேல் விளிம்பு உத்தரத்தின் தலையிலிருந்து என் விரலகலம் கூட இல்லை. திருகு மரத்துக்குள் இறங்கி, துளைக்குள் இறங்கி, கேபிளின் தோலைக் கிழித்து ஃபேஸ் கம்பியை மட்டும் தொட்டிருக்கிறது. எர்த்தைத் தொட்டிருந்தால் அப்போதே ட்ரிப் ஆகியிருக்கும். தொடவில்லை. அதனால் திருகின் தலை மின்சாரத்தோடு தரையில் காத்துக்கொண்டிருந்தது. ஈரக் காலும் ரேடியேட்டரில் ஒரு கையும் வரும்வரை.

யாரும் பார்க்கவில்லை. கெட்ட துண்டை வெட்டி மாற்றினேன். அந்த ஓர் உத்தரத்தில் மட்டும், ஒழுங்காக, நடுவில், புதுத் துளை. உளியும் கையுமாக முக்கால் மணி நேரம். பழைய துளையில் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தேன். ஏன் அடைத்தேன்? உத்தரத்துக்குப் பலம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

மூடி முடிக்கவும் டெஸ்மண்ட் தனியாக வந்தார். ஹேஸலை ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறார்களாம், இதயத் துடிப்பைக் கவனிக்க. எலும்பு முறிவு. மாவுக்கட்டு ஆறு வாரம். மேல்கோட்டைக் கழற்றாமலே மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"நான்தானே தம்பி?"

"ஸ்க்ரூ கேபிள்ல எறங்கிடுச்சு" என்றேன்.

பொய் இல்லை. ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அதுதான் கேவலம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

திருகின் நீளம் அறுபது மில்லிமீட்டர். பலகையின் கனம் இருபது. உத்தரத்துக்குள் போனது நாற்பது. விதி கேட்பது ஐம்பது.

நான் விதிப்படி துளை போட்டிருந்தால் அவர் திருகு கேபிளுக்கு மேலேயே நின்றிருக்கும். அவர் போட்டது நீளத் திருகே இல்லை. அவர் எந்தத் தப்பும் பண்ணவில்லை. கிரீச்சே என்னால் வந்தது. முனையை உத்தரத்தில் உட்கார வைக்காமல் விட்டவன் நான். அதை இறுக்கச் சொன்னவனும் நான்தான். எவ்வளவு நீளம் என்று மனுஷன் கேட்டாரேடா!

பிப்ரவரி 20, செவ்வாய்

நோரீன் அனுப்பினார்: போய் மொத்த வீட்டையும் ஒருதரம் டெஸ்ட் பண்ணிட்டு வா. போனேன். ஒயர்த் தோலில் கசிவு பார்க்கும் மெக்கரில் எல்லாம் சுத்தம். காட்டத்தானே செய்யும், இன்னும் யாரும் மற்ற இடங்களில் திருகு போடவில்லையே.

ஹேஸல் சமையலறையில், மாவுக்கட்டுக் கையை மேசைமேல் தூக்கி வைத்துக்கொண்டு. டெஸ்மண்ட் இல்லை. ஹார்ன் பெட்டி மூடி, அலமாரி மேல்.

"போட்டிக்கு என் எடத்துல ஹடர்ஸ்ஃபீல்ட்லருந்து ஒரு பொண்ணைக் கூப்ட்ருக்காங்க. நல்லா வாசிப்பாளாம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அப்புறம் தேநீர்க் கோப்பையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே:

"ஒண்ணு கேக்கறேன் கண்ணு, தப்பா நெனைச்சுக்காத. நீதான் போன்ல ஸ்க்ரூ போடச் சொன்னியாம். இந்த மனுஷன் சொல்றாரு. எனக்குத் தெரியும், நீ படிச்ச பையன், அப்படிச் சொல்லியிருக்க மாட்ட. சமையலறைல வெள்ளம் வந்தப்ப பிளம்பர் மேல போட்டாரு. வேலி சாஞ்சப்ப காத்து மேல போட்டாரு. இப்ப உன் மேல. நீ சொல்லலைதானே?"

எனக்கு முன்னால் இரண்டு வார்த்தைகள் இருந்தன. சொன்னேன், சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைக்கூட எடுக்கத் துப்பில்லை.

"ஞாபகம் இல்லைங்க."

அவர் தலையாட்டினார். "அதான் நெனைச்சேன்."

கிளம்பும்போது பழக் கேக்கைத் தட்டோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தார், ஒற்றைக் கையால். வாங்கிக்கொண்டேன். அதையும் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 21, புதன்

கேக் வேனில் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 22, வியாழன்

காலையில் மின்சாமான் மொத்தக் கடைக் கவுன்டரில் பத்துப் பேர். நோரீன் கதையை அவிழ்த்துவிட்டார். நன்றாகவே சொல்வார், குரல் மாற்றி, கை ஆட்டி. "'என்னங்க, பலகை பாடுது'ங்கறா பொண்டாட்டி. 'இரு, சுதி சேக்கறேன்'னு போனாரு மனுஷன். போட்டாரு பாரு ஸ்க்ரூ! பலகை நின்னுடுச்சு, பொண்டாட்டி பாட ஆரம்பிச்சுட்டா!"

கவுன்டர் குலுங்கியது. அவருக்கு இனிமேல் "ஸ்க்ரூ டெஸ்மண்ட்" என்று பெயர். கவுன்டர் பையன் அறுபது மில்லிமீட்டர் திருகுப் பெட்டி மேல் பேனாவால் எழுதியே வைத்துவிட்டான்: டெஸ்மண்டுக்கு விற்பனை இல்லை.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் கவனிப்பார்களோ என்று கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

மீன் வறுவல் கடை வரிசையில் எனக்கு முன்னால் டெஸ்மண்ட். ஒரு பொட்டலம் மட்டும் கேட்டார். கடைக்காரி, "என்ன டெஸ்மண்ட், ஹேஸலுக்கு?" என்றாள். "அவ சாப்ட்டுட்டா." அது பொய் என்று கடைக்காரிக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

வெளியே மழைக்கு ஒதுங்கி ஒன்றாக நின்றோம். வினிகர் மணம். சிப்ஸை என் பக்கம் நீட்டினார்.

"கீழ சோபாலதான் படுக்கறேன் தம்பி. ஷாக் அடிச்சதுக்குக் கூட இல்ல. பொய் சொன்னேனாம். அம்பத்தெட்டு வயசுல ஒரு சின்னப் பையன் மேல பழியப் போட்டேனாம். அதத்தான் அவளால தாங்க முடியலையாம்." கொஞ்ச நேரம் மென்றார். "நீ சொன்னியா இல்லையான்னு எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. போன்ல சரியாக் கேக்கலையோ என்னமோ. மச்சுக்குள்ள இருக்கேன்னு சொன்னல்ல?"

என் வாயில் சூடான உருளைக்கிழங்கு. அது ஒரு சாக்கு. விழுங்கின பிறகும் பேசவில்லை.

அப்புறம் அவர்தான் பேச்சை மாற்றினார். வெள்ளிக்கிழமை கார்ப்பெட் போடுகிறவன் வருகிறானாம், மூன்று அறைக்கும். "கார்ப்பெட்டுக்கு முன்னாடி ஆடற பலகை அத்தனையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிடுவானாம், அதான் அவங்க வழக்கம். நான் பக்கத்துலயே போகப் போறதில்லப்பா."

மூன்று அறை. நான் பெயர்த்தெடுத்து மூடின பலகைகள்தான் ஆடும். அவற்றுக்கு அடியில்தான் கேபிள் ஓடுகிறது. முப்பத்தொன்றில் ஒன்றைச் சரி செய்தேன். முப்பது பாக்கி.

பிப்ரவரி 26, திங்கள்

ஒரு வழி தோன்றியது. யாரிடமும் எதுவும் சொல்லாமல், இலவசப் பரிசோதனை என்று இரண்டு நாள் பலகையைத் திறந்து எல்லாத் துளையையும் மாற்றிவிடுவது. முழுப் பூசணிக்காயையும் சோற்றுக்குள் வைத்து மூடிவிடலாம் என்று நினைப்பு. ஹேஸலுக்குப் போன் செய்தேன்.

"எதுக்கு கண்ணு? உன் வேலைல எனக்குச் சந்தேகமே இல்ல. நேத்து எங்க வாத்தியக் குழுவுல கூட உன்னப் பத்திச் சொன்னேன், எவ்வளவு பொறுப்பான பையன்னு. ரெண்டு பேர் உன் நம்பர் வாங்கியிருக்காங்க."

"இல்லைங்க, ஒரு தடவை பார்த்துட்டா..."

"வீடு நாறிக் கெடக்கு. மறுபடி பலகையத் தூக்கினா நான் அழுதுடுவேன். வெள்ளிக்கெழம கார்ப்பெட் போட்டு மூடினாப் போதும்."

வைத்துவிட்டார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

சொல்லவில்லை. கார்ப்பெட்காரனுக்கே நேரடியாகப் போன் போட்டு நிறுத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். பெயர் கூடத் தெரியாது. கோழை. வேறு சொல் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 28, புதன்

நோரீனிடம் சொல்லிவிட்டேன். வேனில், சிக்னலில் நிற்கும்போது. ஏன் அந்த இடம்? அவர் என் முகத்தைப் பார்க்க முடியாத இடமாகத் தேடியிருப்பேன்.

பச்சை விழுந்தது. அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன். ஓரம் கட்டினார்.

"எத்தனை துளை?"

"முப்பத்தொண்ணு. ஒண்ணை மாத்திட்டேன்."

"எங்கிட்டச் சொல்லாம மாத்தின."

"ஆமா."

"மெஷின் என் வண்டில இருந்துச்சு. ஒரு போன் அடிச்சிருந்தா நாப்பது நிமிஷம்."

"நாப்பது நிமிஷம் பெருசாத் தெரிஞ்சுது."

"இப்ப எவ்ளோ பெருசாத் தெரியுது?"

நான் திட்டு எதிர்பார்த்தேன், அவர் திட்டுவதில் பேர் போனவர். திட்டவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சொன்னார்: "கவுன்டர்ல அந்தாள வச்சு நான் சிரிச்சேன்டா. என்னைச் சிரிக்க விட்டுட்டு நீ பக்கத்துல நின்ன." அப்புறம், "வேற எங்க இப்படிச் சாய்ச்சுப் போட்ட? உண்மையச் சொல்லு."

"இன்னும் ரெண்டு வீடு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேன் பக்கவாட்டில் அவர் பெயர்தான் எழுதியிருக்கிறது, பெரிய நீல எழுத்தில். என் பெயர் எங்கும் இல்லை.

"நாளைக்குக் காலைல அவங்க வீட்டுக்குப் போறோம். நான் பேச மாட்டேன். நீதான் பேசற."

பிப்ரவரி 29, வியாழன்

அந்தச் சமையலறை. நான்கு பேர். டெஸ்மண்டும் ஹேஸலும் மேசையின் இரண்டு முனைகளில். நோரீன் கதவோரம், சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை.

ராத்திரி முழுக்க வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். மறந்துபோச்சு. உளறினேன். துளையை நடுவுல போடணும், நான் மேல போட்டேன், சாய்ச்சுப் போட்டேன், சோம்பேறித்தனம், அவர் ஸ்க்ரூ சரியான ஸ்க்ரூதான், துளை சரியா இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, பலகை கிரீச்சுன்னதும் என்னாலதான். பாக்கி இருந்தது ஒன்றுதான்.

"அவர் போன் பண்ணார். ஸ்க்ரூ போடச் சொன்னது நான்தான். எவ்ளோ நீளம்னு கேட்டாரு."

டெஸ்மண்ட் எழுந்து கெட்டிலை வைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "'கையில இருக்கறதப் போடுங்க.'"

"ஆமாங்க."

"அதே வார்த்தை."

"அதே வார்த்தைங்க."

கெட்டில் கொதிக்க ஆரம்பித்தது.

ஹேஸல் என்னைப் பார்க்கவில்லை. மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட ஞாபகம் இல்லைன்ன."

"ஞாபகம் இருந்துச்சு."

"இருந்துச்சு." அந்த ஒரு சொல்லைத் திரும்பச் சொன்னார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "கை ஒடைஞ்சது ஆறு வாரத்துல கூடிடும் கண்ணு. நான் இந்த மனுஷனைப் பத்து நாளா சோபால படுக்க வச்சிருக்கேன். அவர் மொகத்தப் பாத்து, நீ பொய்யன்னு சொன்னேன். அவங்க அண்ணன் முன்னாடி சொன்னேன்."

கண்ணு என்று இப்போதும் சொன்னார். பழக்கதோஷம். அதுதான் குத்தியது.

பிறகு டெஸ்மண்டின் முதுகைப் பார்த்து: "ஏங்க..." மறுபடி, "ஏங்க. அந்தப் பிளம்பர் விஷயம் கூட...?"

டெஸ்மண்ட் திரும்பினார். காதெல்லாம் சிவந்திருந்தது. "இல்ல இல்ல. அது நான்தான்."

"வேலி?"

"அதுவும் நான்தான். காத்தும் கொஞ்சம் இருந்துச்சு."

ஹேஸல் சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. ஒற்றைக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். நோரீன் என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் மழைக்குள் பத்து நிமிடம் நின்றோம்.

கதவைத் திறந்தது டெஸ்மண்ட். இதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "நீ வாயைத் தொறந்திருந்தா அந்த ஆஸ்பத்திரி ராத்திரியே முடிஞ்சிருக்கும். படில உக்காந்து உன்னைத்தானேடா கேட்டேன், நான்தானேன்னு? என் மொகத்தப் பாத்தேல்ல நீ?"

"பாத்தேங்க."

அப்புறம் கார்ப்பெட்காரனுக்குப் போன் செய்து அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "மேல போய்ப் பலகையத் தூக்கு" என்றார்.

மார்ச் 1, வெள்ளி

மூன்று அறையும் திறந்து கிடக்கிறது. அளந்தேன், ஒவ்வொன்றையும். பதினேழு மில்லிமீட்டர், இருபத்திரண்டு, முப்பது, பதினான்கு. அன்று மாற்றிய ஒன்றைத் தவிர, ஐம்பதைத் தொட்டது ஒன்றுகூட இல்லை. நோரீன் ஒவ்வோர் எண்ணையும் என்னையே உரக்கச் சொல்ல வைத்தார்.

கழுத்து வளைந்த மெஷின் எவ்வளவு அழகாக உள்ளே உட்காருகிறது. ஒரு துளைக்கு இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. புதுத் துளைகளை உத்தர நீளத்தின் மையத்தில் வராமல், சுவர்ப் பக்கமாகத் தள்ளி, நடு உயரத்தில் போட்டோம். பழைய துளைகளால் வலு குறைந்த இரண்டு உத்தரங்களுக்குப் பக்கத்தில் புதுக் கட்டை வைத்துப் போல்ட் போட வேண்டும். தச்சன் திங்கள் வருகிறான். செலவு நோரீனுடையது. என் சம்பளத்தில் பிடிப்பாரா என்று கேட்டேன். "அவ்ளோ சுலபமா விட்டுடுவேன்னு நெனைச்சியா" என்றார்.

டெஸ்மண்ட் டீ கொண்டுவந்தார், நோரீனுக்கு மட்டும். நியாயம்.

மார்ச் 2, சனி

மாலை நாலு மணிக்குக் கேபிள் முழுக்க இழுத்து, பலகைகளை ஆணி அடிக்காமல் திரும்ப வைத்தாயிற்று. நோரீன் சோதித்தார், நோரீன் புதுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். நான் பழையதைக் கிழித்தேன். ஆறு மாதம் நான் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அதற்குப் பின்னும் பார்க்கலாம் என்கிறார், போடலாம் என்று சொல்லவில்லை.

சாமான்களை இறக்கும்போது பார்த்தேன். கீழ் அறைச் சோபாவில் போர்வை இல்லை. தலையணை இல்லை. மாடிப்படியின் மேல் படியில் டெஸ்மண்டின் செருப்பு.

ஹேஸல் படியின் கீழே நின்று கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு உட்கார்ந்து கேட்கவாவது போகிறாராம். என்னிடம் அதைப் பற்றிப் பேச அவருக்கு ஒன்றுமில்லை. பலகையைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது.

"பின்னறைப் பலகை இன்னும் கத்துது."

"திங்கக்கெழம தச்சன் உத்தரத்துல பக்கக் கட்டை வச்சதும், ஸ்க்ரூ போட்டா நின்னுடுங்க. செவ்வாக்கெழம நானே..."

"நீ போட வேண்டாம். அவர் போடட்டும்." மாவுக்கட்டுக் கையால் மாடியைக் காட்டினார். "அவர் போட்டு முடிச்சதும் நீ காலுறையக் கழட்டிட்டு, கால நனைச்சுட்டு, அது மேல நில்லு. ஒரு கை ரேடியேட்டர்ல. கரெண்டு ஓடிட்டு இருக்கும்போதே."

மாடியில் டெஸ்மண்ட் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. ஹேஸல் சிரிக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. திங்கள் காலை, தச்சன் வருவதற்கு முன், மற்ற இரண்டு வீடுகளுக்கும் நேரில் போக வேண்டும். போனில் இல்லை. அதுவரை தரையில் ஆணி, திருகு எதுவும் வேண்டாம் என்று இன்றே போனில் சொல்லியாயிற்று. ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். இன்னொருவர் நன்றி சொன்னார், அது மோசம்.

2. வாட்ஸப் குழுவில் அந்தக் கொத்தல் படத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் துளையின் படம். அளவு நாடாவோடு. பதினான்கு மில்லிமீட்டர் என்று தெரியும்படி.

3. மொத்தக் கடையில், கூட்டமான நேரமாகப் பார்த்து, கவுன்டரில் நின்று முழுக் கதையையும் நானே சொல்ல வேண்டும். சிரிக்க வைக்காமல். திருகுப் பெட்டி மேல் எழுதியதை அழிக்க வேண்டும்.

4. கழுத்து வளைந்த மெஷின் ஒன்று சொந்தமாக.

5. டெஸ்மண்டின் அண்ணனைப் போய்ப் பார்க்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் முன்னால்தானே அந்தச் சொல் விழுந்தது.

6. வேனில் காய்ந்து கிடக்கும் கேக்கைத் தூக்கிப் போட வேண்டும். தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

7. செவ்வாய் மாலை, பின்னறை. திருகு டெஸ்மண்ட் போடுவார். அறுபது மில்லிமீட்டர், அன்று அவர் எடுத்துப் போட்ட அதே பெட்டியிலிருந்து. அவர் போட்டு முடித்ததும் நான் கால் நனைத்துக்கொண்டு அதன் மேல் நின்று, ரேடியேட்டரைப் பிடிக்க வேண்டும். முதலில் மெக்கர் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? நீதான் துளை போட்ட" என்றார் ஹேஸல். நிற்பேன்.